கண் வெளுத்த ஞாயிறு

அத்தியாயம் 14

பாம்பு ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை. நாஸிக்கால் தாங்க முடியாமல் போனது அது ஒன்றைத்தான்.

பாம்பு வீட்டுக்குள் வந்ததைத் தாங்கிக்கொண்டாள். அதன் கண்ணாடித் தொட்டி மகள் அறையில் ஒரு மேசையை முழுசாகப் பிடித்துக்கொண்டதையும் தாங்கிக்கொண்டாள். ஃப்ரீசரில், கிப்பே இறைச்சி உருண்டைகளுக்குப் பின்னால், வெள்ளித்தாளில் சுற்றிய எலிக்குஞ்சுகள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கதவைச் சாத்தப் பழகிக்கொண்டாள். ஆனால் தன் கூரைக்குக் கீழே ஒரு ஜீவன் ஒன்பது நாள் பட்டினி கிடப்பதா? பெய்ரூட்டுக்கு மேலே இந்த ஆலே மலையில் அப்படி ஒரு வீடு உண்டா?

மகள் கின்வா வேலைக்குப் போகுமுன் தொட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். 'கண் பால் மாதிரி வெளுத்தால் தோல் உரிக்கப் போகிறாள் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் சாப்பாடு காட்டாதே. கையில் எடுக்காதே. ஒரு பக்கம் முப்பது டிகிரி சூடு இருக்க வேண்டும். ஈரத்துணி போட்ட டப்பா காயக் கூடாது. தப்பித்தவறிச் சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாளைக்குச் சூடு குறையவே கூடாது. குறைந்தால் கக்கிவிடுவாள். குட்டி கக்கினால் பிழைப்பது கஷ்டம்.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'அம்மா, கெஞ்சாதே.'

கின்வாவுக்கு பெய்ரூட்டில் ஒரு மிருக ஆஸ்பத்திரியில் வேலை. யாரோ வைத்தியத்துக்கு விட்டுவிட்டுத் திரும்பியே வராத எட்டு மாதக் குட்டிதான் இந்தப் பாம்பு. விஷமில்லாத ஜாதி. சுண்டுவிரல் தடிமன், உடம்பெல்லாம் ஆரஞ்சுத் திட்டுகள். கின்வா அதற்குச் சுக்கர் என்று பெயர் வைத்தாள். சர்க்கரை.

நாஸிக் அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"பாம்பப் போய் சர்க்கரைன்னு கூப்பிடறதா? ஹய்யேன்னா ஹய்யேதான்."

அந்த ஊர்ப் பேச்சில் பாம்பு ஹய்யே. நாக்கில் விஷம் வைத்துப் பேசும் பெண்பிள்ளையும் ஹய்யேதான். அன்று நடந்த அத்தனை குழப்பத்துக்கும் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள்.

இரண்டு வருஷமாக இழுத்த விஷயம். மாப்பிள்ளை ஜவாதுக்கு அதே ஊரில் சொந்தத் தச்சுப் பட்டறை. தங்கமான பையன். அவன் அம்மா ஹியாம்தான் குறுக்கே நின்றாள். "நாய் பூனைக்கு ஊசி போடற கை என் வீட்டுப் பானையத் தொடறதா?" என்று ஊர் கேட்கச் சொன்னவள். மூன்று வருஷமாக இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, எதிரில் வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவள். பதினைந்து நாள் முன்னால் கண் ஆபரேஷன் ஆனது. போன வாரம் தானே போன் செய்து, "ஞாயித்துக்கிழம வர்றோம்" என்றாள். ஏன் மனசு மாறினாள் என்று நாஸிக் கேட்கவில்லை. கேட்டு, அது மறுபடி மாறிவிட்டால்?

நாஸிக்குக்கு ஜவாதிடம் பிடித்தது ஒன்றே ஒன்று. அவன் மலையை விட்டு இறங்காதவன். அவள் புருஷன், "ரெண்டே வருஷம்" என்று சொல்லி கடல் தாண்டி அபிஜானுக்கு வேலைக்குக் கப்பல் ஏறி, இது பத்தொன்பதாவது வருஷம். ஆகஸ்டு மாதம் வருவார். செப்டம்பரில் போய்விடுவார். மகளுக்கு அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம். சாயங்காலமானால் வீட்டுக்கு வருகிற ஒருவன் போதும்.

வீட்டில் பாம்பு இருப்பது ஜவாதுக்குத் தெரியும். ஹியாமுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காலை ஒன்பது மணிக்கு நாஸிக் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பாம்பின் கண்கள் இரண்டு பால் துளி மாதிரி இருந்தன. அவள் நிழல் பட்டதும் வாலைப் படபடவென்று அடித்தது.

"நான்தான். என்ன தெரியலயா ஒனக்கு?"

மறுபடியும் வால் அடித்தது.

மகளுக்குச் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடி சமையலறையில் இருந்தது. எடுக்கப் போகச் சோம்பல். போனில் கின்வாவின் முகம் போட்ட வட்டத்தைத் தொட்டு, எழுத்துகளைத் தேடித் தேடி அமுக்கினாள்.

'ஹய்யே இன்னிக்கும் சாப்பிடல. ரெண்டு கண்ணும் பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு. எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியல, சும்மா சும்மா சீறறா. சட்டைய மாத்தப் போறா, அறிகுறியெல்லாம் தெரியுது, இன்னிக்கே நடக்கும். அதுக்குள்ள எப்படியும் வாயத் தெறக்க வெச்சிடறேன். நாலு மணிக்கு ஒரு மூலைல வெச்சு மூடிடறேன், ஒரு சத்தம் வராது. நீ கவலப்படாத.'

முந்தின நாள்தான் நாஸிக்கின் அண்ணன் வஜ்தி, இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கியிருந்தார். அதற்குப் படமாகக் கின்வாவின் பட்டமளிப்புப் படத்தை வைத்திருந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வட்டத்துக்குள் தெரிகிற மகள், மகள்தானே? சேதி குரூப்புக்குப் போனது. நாஸிக் போனை மெத்தையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டுப் பதமாக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டே துடைத்தாள். கின்வாவின் நீள இடுக்கி எங்கே போனதோ, கிடைக்கவில்லை. அண்ணன் நார்கிலே என்கிற ஹுக்கா புகைக்கக் கரி எடுக்கும் இடுக்கி முற்றத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு வாய்," என்றாள் பாம்பிடம். "ஒரே ஒரு வாய். எனக்காக. நாலு மணிக்கு ஜனங்க வரப் போறாங்க, எனக்கு நூறு வேல கெடக்கு. உன் பட்டினி என் மனச அறுக்குதுடீ. ஒரு வாய் வாங்கிக்கோ."

பாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்தது. நாஸிக் விடவில்லை. விருந்தாளி வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னால்தான் நாலாவது தடவை வாங்கிக்கொள்வார் என்பது அவள் வளர்ந்த வீட்டுப் பழக்கம். நாலாவது தடவை இடுக்கியை நீட்டியபோது பாம்பின் தலை ஒரு வெட்டு வெட்டியது. இடுக்கியின் நுனி காலியாக இருந்தது.

பாம்பு விழுங்கி முடிக்கும்வரை நாஸிக் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, பரீட்சையில் மகள் முதலாவதாக வந்த அன்று விட்டது போலப் பெருமூச்சு விட்டாள்.

அப்புறம்தான் போனை எடுத்தாள். கின்வா குரல் சேதி அனுப்பியிருந்தாள், பின்னணியில் டாக்ஸி ஹாரன். வந்த சேதியின் மேலேயே தொட்டுப் பதில் பேசியிருந்ததால், அதுவும் குரூப்பிலேயே விழுந்திருந்தது. நாஸிக்குக்கு அது தெரியவில்லை.

"அம்மா! வாயத் தெறக்க வெக்கறேன்னு கெளம்பாத. அவளுக்குப் பசி இல்ல, அவ்வளவுதான். கண்ணு தெரியாத நேரத்துல யாரு கிட்டப் போனாலும் கடிக்கத்தான் வருவா. சூடா ஒரு எடத்துல விட்டுட்டு நகந்துடு. எல்லாம் முடிஞ்சதும் பாரு, பொம்ம மாதிரி ஆயிடுவா. கழுத்துல போட்டுக்கலாம்."

நாஸிக் தொட்டியைப் பார்த்தாள். பாம்பின் நடுவயிற்றில் ஒரு முடிச்சு தெரிந்தது.

மகளுக்கு அவள் பதில் அனுப்பவில்லை.

*

இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. அரசாங்கக் கரண்ட் ராத்திரிதான் வரும். தெருவுக்கே ஆம்பியர் கணக்கில் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர்தான் பகலில் கதி. அதுவும் நின்றுவிட்டது.

வஜ்தி கோட்டில் பனித்தூள் ஒட்ட வந்து நின்றார். "பெல்ட் அறுந்துடுச்சாம். ஏழு மணிக்கு முன்னாடி ஓடாதுன்னுட்டான்."

"ஏழா? அண்ணா, சூடு?"

"வரவேற்பறைல டீசல் கணப்பு எரியுதே. வர்றவங்களுக்கு அது போதும்."

"நான் வர்றவங்களச் சொல்லல."

தொட்டிக்கு அடியில் இருந்த வெப்பத்தட்டு ஏற்கெனவே ஆறிக்கொண்டிருந்தது. சின்ன வெப்பமானி முப்பதிலிருந்து இருபத்தேழுக்கு இறங்கியது. நாஸிக் வெந்நீர்ப் பையைக் கம்பளியில் சுற்றித் தொட்டியோடு ஒட்டி வைத்தாள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு இருபத்தாறு. இருபத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே பனி மழையாகவும் மழை பனியாகவும் மாறி மாறிப் பெய்தது.

குறைந்தால் கக்கிவிடுவாள். குட்டி கக்கினால் பிழைப்பது கஷ்டம்.

வீட்டில் சூடான அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஒரு பக்கம் புடி," என்றாள் அண்ணனிடம்.

"எங்க?"

"வரவேற்பறைக்கு."

வஜ்தி தொட்டியைப் பிடித்த கையை எடுத்துவிட்டார். "ஒனக்குப் பைத்தியமா நாஸிக்? பொண்ணு கேக்க வர்றவங்க நடுவுல பாம்பா?"

"நடுவுல இல்ல. மூலைல."

"எந்த ஊர்லயாவது..."

"அது வயித்துல சாப்பாடு இருக்கு. குடுத்தது நான். அது செத்துப்போச்சுன்னா, என் பொண்ணு எந்த முகத்த வெச்சுகிட்டு அவங்க முன்னாடி உக்காருவா? நாலு மணிக்கு அவ அழுதுட்டு நின்னா கல்யாணப் பேச்சு நடக்குமா? புடிங்கறேன்."

பிடித்தார். கணப்புக்கு இரண்டு முழம் தள்ளி மூலையில் வைத்து, மேலே கல்யாணச் சீராக வந்த வெள்ளைப் பின்னல் விரிப்பைப் போட்டு, விரிப்பின் மேல் மஞ்சள் கேக் தட்டையும் வைத்தார்கள். வெப்பமானியின் திரையை மட்டும் விரிப்பின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரல் நீட்டி விட்டாள் நாஸிக். பார்த்தால் ஒரு பக்கவாட்டு மேசை. அழகான மேசை என்றுகூடச் சொல்லலாம்.

வஜ்தி முற்றத்துக்குப் போய்விட்டு உடனே திரும்பி வந்தார். "என் கரி இடுக்கியப் பாத்தியா?"

"பாத்தேன். நீ இனிமே அதத் தொடாத. புதுசா ஒண்ணு வாங்கிக்கோ."

"ஏன்?"

"வாங்கிக்கோ."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கின்வா வந்தாள். ஈரத் தலையோடு நேராகத் தன் அறைக்குப் போனவள், காலி மேசையைப் பார்த்து அலறுவதற்குள் நாஸிக் அவளை இழுத்துவந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

கின்வா குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

"அம்மா. இவ வயித்துல என்ன?"

"ஒரு வாய்தான்."

"அம்மா!"

"அதுவாத்தான் வாங்கிச்சு. நான் கெஞ்சல." கொஞ்சம் யோசித்து, "நாலு தடவதான் கேட்டேன்," என்றாள்.

"முப்பத்திரண்டத் தாண்ட விடாத. இருபத்தெட்டுக்குக் கீழயும் விடாத. ரெண்டும் ஆபத்து. சட்டைய உரிக்க இன்னும் நாலு நாளாவது ஆகும், இன்னிக்கே நடக்கும்னு நீயா..."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

ஜவாத் சாக்லேட் பெட்டியோடு சிரித்துக்கொண்டு வந்தான். பின்னால் ஹியாம். கறுப்புக் கண்ணாடி, கறுப்பு உடுப்பு, நிமிர்ந்த தலை. ஜவாதின் அம்மா என்பதால் ஊரே அவளை உம் ஜவாத் என்றுதான் கூப்பிடும்.

"வாங்க உம் ஜவாத், வாங்க. வீடே வெளிச்சமாயிடுச்சு," என்று நாஸிக் அவளைக் கட்டிக்கொண்டாள். கற்சுவரைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கத்துப் பெரிய நாற்காலியைக் காட்டினாள். "இங்க உக்காருங்க."

"வேண்டாம். எனக்குன்னு ஒரு மூலை பாத்து வெச்சிருப்பீங்களே. அங்கயே உக்காந்துக்கறேன்."

நேராகப் போய்ப் பின்னல் விரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாஸிக் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"குளிரா இருக்கா உங்களுக்கு? கம்பளி எடுத்துட்டு வரட்டுமா?"

"சூடா ஒரு எடத்துல விட்டுட்டு நகந்துட்டாப் போதும்," என்றாள் ஹியாம்.

கின்வா புருவத்தைச் சுருக்கினாள். எங்கேயோ கேட்ட வாக்கியம்.

நாஸிக் கேக் தட்டை எடுத்து நீட்டினாள். "ஒரு துண்டு எடுத்துக்குங்க. என் கையால செஞ்சது."

"பசி இல்ல."

"சின்னத் துண்டு."

"பசி இல்லன்னேன்."

"எனக்காக ஒரு வாய்..."

"என் வாயத் தெறக்க வெக்கணும்னு பாக்காதீங்க நாஸிக். தெறந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

ஜவாத், "அம்மா, என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டான். வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை, கண் வலி என்று நினைத்தேன் என்று கின்வாவின் காதில் சொன்னான். நாஸிக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீடு பிடிக்கவில்லையா? கின்வாவின் ஈரத் தலையா? பாம்பு வாடை ஏதாவது வருகிறதா?

ஏலக்காய் போட்ட காப்பியை மகளே கொண்டுவந்தாள். ஹியாம் கோப்பையை வாங்கினாள். குடிக்காமல் விரிப்பின் மேல் வைத்தாள்.

நாஸிக்குக்கு உயிர் வந்தது. பெண் கேட்டு வருகிறவர்கள் காப்பியைக் குடிக்காமல் கீழே வைப்பார்கள். எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெண் வீட்டார், "குடியுங்க, கேட்டது கிடைச்ச மாதிரி" என்று சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவார்கள். வஜ்தி தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஹியாம் ஒன்றும் கேட்கவில்லை.

காப்பி ஆறிப்போனது. இது வழக்கத்துக்கு வைத்த காப்பியா, கோபத்துக்கு வைத்த காப்பியா?

ஓரக்கண்ணால் வெப்பமானியைப் பார்த்தாள் நாஸிக். முப்பத்துமூன்று. எழுந்து, சும்மா ஒழுங்குபடுத்துவது போல 'மேசை'யைக் கணப்பிலிருந்து ஒரு சாண் தள்ளினாள். காப்பிக் கோப்பை ஹியாமின் கையை விட்டு விலகிப் போனது.

ஐந்து நிமிஷத்தில் இருபத்தெட்டு. மறுபடி இழுத்தாள். கோப்பை திரும்பி வந்தது.

"என்னப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்றாள் ஹியாம். "கோப்பைய வெச்சா நகத்தறீங்க. கைய எடுத்தா கிட்டக் கொண்டுவர்றீங்க. வேடிக்கையா?"

"அய்யோ இல்ல, கணப்பு... மேச... மரம் வெடிச்சிடும்னு..."

"மரமா?" என்றான் தச்சன் ஜவாத், ஆர்வமாகக் குனிந்து. கின்வா அவன் காலை மிதித்தாள்.

ஹியாம் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள்.

"மூணு வருஷமா எனக்கு வந்த சேதியெல்லாம் இவன்தான் படிச்சுக் காட்டுவான். கண்ணு தெரியாதவளுக்கு வேற வழி? இந்தப் புதுக் கண்ணு வந்து, யார் தயவும் இல்லாம நானா படிச்ச மொத சேதி இது." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன. படித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிப்பிள்ளை படிப்பது மாதிரி. "'ஹய்யே இன்னிக்கும் சாப்பிடல. ரெண்டு கண்ணும் பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு...'"

காலையிலிருந்து வஜ்தியும் ஜவாதும் போனைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. வஜ்தி தன் போனைத் தேடினார். பார்த்ததும் அதை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"'நாலு மணிக்கு ஒரு மூலைல வெச்சு மூடிடறேன்.' வந்துட்டேன், மூடுங்க. அப்புறம் பொண்ணு குரல்லயே பதில், அதையும் கேட்டேன். 'கண்ணு தெரியாத நேரத்துல கடிக்கத்தான் வருவா.' சரி, நான் கடிச்சவதான். ஊருக்கே தெரியும். ஆனா கழுத்துல போட்டுக்கலாமாமே என்னை? நான் என்ன சங்கிலியா?"

கின்வா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நாஸிக்குக்குத் தெரியவில்லை.

"உம் ஜவாத், சத்தியமா அது உங்களப் பத்தி இல்ல."

"அப்ப வேற யாரு? இந்த ஊர்ல கண்ணு வெளுத்தவ எத்தன பேரு இருக்கா?"

சொன்னால் வீட்டில் பாம்பு இருக்கிறது. சொல்லாவிட்டால் வந்திருப்பவள் பாம்பு. எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வருஷம் காத்த கல்யாணம் வாசலோடு போய்விடும். இரண்டில் எது கொஞ்சம் கம்மி?

காப்பிக் கோப்பையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். கேக் தட்டை எடுத்து அவருடைய இன்னொரு கையில் கொடுத்தாள். விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உருவினாள்.

பாம்பு தலையைத் தூக்கியது. இரண்டு வெள்ளைக் கண்களும் ஹியாமின் பக்கம் திரும்பியிருந்தன.

கணப்பில் டீசல் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஹய்யே," என்றாள் நாஸிக். "ஒம்போது நாளா சாப்பிடல. நான்தான் காலைல..."

ஹியாம் கத்துவாள், எழுந்து ஓடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் முழங்கால் மேல் கையை ஊன்றி முன்னால் குனிந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்பு வாலை அடித்தது.

"இவளுக்கு இப்ப என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

"வெளிச்சம் தெரியும் அத்தை," என்றாள் கின்வா. "நிழல் தெரியும். யாருன்னு தெரியாது."

"ஆமா. யாருன்னு தெரியாது." ஹியாம் தலையை ஆட்டினாள். "மூடுபனிக்குள்ளேர்ந்து ஒரு கை வரும். அது மருந்து குடுக்கற கையா, புடிச்சுத் தள்ளற கையான்னு தெரியாது. எதுக்கும் இருக்கட்டும்னு மொதல்ல பல்லக் காட்டிடறது. நானும் அதான் செஞ்சேன்." பிறகு அவள் தோள் குலுங்கியது. "அப்ப நெஜமாவே பாம்பு! நான் வழியெல்லாம் வயிறெரிஞ்சு வந்தேன், நெஜமாவே பாம்பு!"

சிரித்தாள். கின்வா பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். வஜ்தி இரண்டு கையிலும் தட்டும் கோப்பையுமாகச் சிரித்துக் காப்பியைக் கம்பளத்தில் கொட்டினார். நாஸிக்கும் சிரித்தாள். எதற்கு என்று தெரியாமலே, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இன்னொண்ணு கேளுங்க," என்றாள் ஹியாம், கண்ணோரத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு. "எல்லாத்தையும்விட என்னக் குத்தினது எது தெரியுமா? 'சட்டைய மாத்தப் போறா, இன்னிக்கே நடக்கும்'னு போட்டிருந்தீங்களா? நான் பதறிட்டேன். சட்டைய மாத்தறதுன்னா பேச்ச மாத்தறதுதானே? நான் சொன்ன சொல்ல மாத்தப் போறேன்னு இவங்களுக்கு யாரு சொன்னா? கனடா விஷயம் எப்படித் தெரிஞ்சுதுன்னு..."

முதலில் ஜவாதின் சிரிப்பு நின்றது. பிறகு கின்வாவின் சிரிப்பு. கடைசியாகத்தான் நாஸிக்குக்குக் காதில் விழுந்தது.

"என்ன கனடா?"

ஹியாம் மகனைப் பார்த்தாள். மகன் கம்பளத்தில் பரவும் காப்பிக் கறையைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஹியாம். குரல் இறங்கியிருந்தது.

"ஜவாத்," என்றாள் கின்வா.

"விசா வந்துடுச்சு. பன்னெண்டு நாளாச்சு." அவன் நிமிரவில்லை. "பட்டறைல மூணு மாசமா ஒரு கதவுக்குக்கூட ஆள் வரல கின்வா. அங்க ஒரு கட்டட வேல. பத்தொம்பதாம் தேதி கெளம்பணும்."

"நான்தான் சொல்லாதன்னேன்," என்றாள் ஹியாம். "பேச்ச முடிக்காம, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வெக்கலாமான்னு நானே கேக்கறேன், பெரியவங்க பேசட்டும்னேன். அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன்."

"ரெண்டே வருஷம்தான்," என்றான் ஜவாத்.

நாஸிக் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள். அந்த வார்த்தையை அவள் இதே அறையில், இதே கணப்புக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். அப்போது கின்வாவுக்கு ஏழு வயசு.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கின்வா குனிந்து வெப்பமானியைப் பார்த்தாள். "இருபத்தேழு," என்று தொட்டியைக் கணப்பின் பக்கம் தள்ளினாள். விரிப்பை மடித்துப் பாதிவரை மூடினாள். பிறகு ஜவாதின் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்காரவைத்தாள்.

"இந்த எண்ணப் பாரு. முப்பத்திரண்டத் தாண்டினா ஒரு சாண் அந்தப் பக்கம். இருபத்தெட்டுக்கு வந்தா ஒரு சாண் இந்தப் பக்கம். வேற எதையும் யோசிக்காத. செய்வியா?"

ஜவாதுக்குப் பாம்பு என்றால் பயம். இருந்தும் தலையாட்டினான்.

"அத்தை, கொஞ்சம் சமையக்கட்டுக்கு வாங்க."

"நானா?"

"நீங்கதான். பெரியவங்க பேசட்டும்னீங்களே."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று பேர் மிஞ்சினார்கள். வஜ்திக்கு மௌனம் ஒத்துவராது.

"கனடாவுல சூடு எவ்வளவு இருக்கும்?"

"முப்பது இருக்கும் மாமா."

"பரவாயில்லையே."

"மைனஸ் முப்பது."

வஜ்தி நாற்காலியைக் கணப்பின் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜவாத் எண்ணைப் பார்த்தான், தொட்டியை ஒரு சாண் தள்ளினான், மறுபடி எண்ணைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம்னு உனக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்டாள் நாஸிக்.

"கம்பெனிக்காரங்க."

"அவருக்கும் கம்பெனிக்காரங்கதான் சொன்னாங்க."

சமையலறையில் குரல்கள் ஏறி இறங்கின. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு ஹியாமின் சத்தம். அது சிரிப்பா அழுகையா என்று நாஸிக் எழுந்துபோய்க் கதவருகில் நின்று கேட்டும் தெரியவில்லை. மகளுக்காகச் சண்டை போட உள்ளே போக வேண்டுமா? போனால் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? போகாதே என்று சொல்கிற உரிமை இந்த வீட்டில் யாருக்கு இருந்திருக்கிறது?

கதவு திறந்தது.

முன்னால் கின்வா. ஈரத் தலையை இறுக்கி முடிந்திருந்தாள். பின்னால் ஹியாம், தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னம்மா? என்ன பேசினீங்க? என்ன முடிவாச்சு?"

கின்வா ஜவாதைப் பார்க்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"அம்மா, நானும் விசாவுக்கு எழுதிப் போடணும். என் பாஸ்போர்ட்ட எங்க வெச்சிருக்க?"

எந்த இழுப்பறை, எந்த உறை என்று நாஸிக்குக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள். நின்ற இடத்திலிருந்து கால்தான் நகரவில்லை.